நாளும் ஒரு நடை: மாதவிடாய் நின்ற பின் பெண்களின் உடல்நலம்



தாயாரின் நினைவாக அறக்கட்டளை வைப்பவர்கள் பெரும்பாலும் இலக்கியத்தையோ சமயத்தையோ பொருளாகக் கேட்பார்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் ஐம்பது வயதைக் கடந்த பெண்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மருத்துவர் என்ற முறையிலும், அந்த வயதைக் கடந்தவள் என்ற முறையிலும் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

இந்தக் காளையார்கோவில் மண்ணில் பேச வருகிறவர்கள் அரசி வேலுநாச்சியாரை நினைக்காமல் பேச முடியாது. 1772இல் இதே ஊரில் நடந்த போரில் கணவர் முத்துவடுகநாதரைக் கும்பினிப் படைக்குப் பறிகொடுத்தார். விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்து, படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். அவர் பிறந்த ஆண்டு 1730 என்று சொல்வார்கள். அந்தக் கணக்கின்படி, சீமையை மீட்டபோது அவருக்கு வயது ஐம்பது. அவருடைய வீரத்தைப் பேசுகிற நாம் இந்த வயதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஏனென்றால் நம் வீடுகளில் ஐம்பது வயதுப் பெண்ணைப் பற்றி, "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே என்ன" என்று சொல்லிவிடுகிறோம். அவருக்கு முன்னால் இன்னும் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அதைச் சர்க்கரை நோயோடும் இதய நோயோடும் கழிப்பதா, தன் காலில் தானே நடந்து கழிப்பதா என்பது பெருமளவு இந்தப் பத்தாண்டில் முடிவாகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாதவிடாய் நின்ற பெண்ணின் உடலைக் காக்கும் வழிகளில் மிக எளியது அன்றாட நடை. அந்த நடைக்கு வேண்டிய பொழுதையும் பாதையையும் அவருக்குக் கொடுப்பது வீட்டின் கடமை, ஊரின் கடமை.

உடலில் நிகழும் மாற்றம்

"தீட்டு நின்னு போச்சு, ஒரு தொல்லை விட்டுச்சு" என்று என்னிடம் வரும் பெண்கள் சொல்வார்கள். அந்த நிம்மதி நியாயமானது. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால், அது நின்றுவிட்டதாக மருத்துவம் கொள்கிறது. மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகள் இரண்டையும் எடுத்துவிட்ட பெண்ணுக்கோ, வயது எதுவானாலும் அறுவை சிகிச்சையோடு இந்த மாற்றம் ஒரேயடியாக வந்துவிடுகிறது. நாற்பது வயதுக்குள் அப்படி ஆனவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்தும்போது நிற்பது பிள்ளைப்பேற்றுக்கான தயாரிப்பு மட்டுமில்லை. ரத்தக் குழாய்கள், கல்லீரல், எலும்பு, தசை எல்லாவற்றுக்கும் அந்த ஹார்மோன் துணையாக இருந்தது. அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு இப்போது வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட, குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு ஆபத்தானது. அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். 1996 முதல் அமெரிக்காவில் 3,302 பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக் காலத்தில் வேகமாக உயர்கிறது. வயது கூடுவதால் மெல்ல மெல்ல ஏறுவது வேறு, இந்த ஏற்றம் வேறு.

எலும்பின் அடர்த்தியும் இந்த ஆண்டுகளில் வேகமாகக் குறைகிறது. தசையும் குறைகிறது. திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுவதால் இரவுத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் சோர்வு, சோர்வினால் உட்கார்ந்தே இருத்தல், அதனால் மேலும் கொழுப்பு என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வருகிறது.

"நான் ஒல்லிதானே டாக்டரம்மா, எனக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வெளியாயிற்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நின்றார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2 விழுக்காடு. வெளியே ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள் எவ்வளவு கொழுப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு உலகம் இன்றும் எடுத்துக் காட்டும் சான்று அது. ஆகவே எடை மெஷினை மட்டும் நம்பக் கூடாது.

ஐந்து அளவுகள்

தையற்காரரிடம் இருக்கும் அளவு நாடா ஒன்று வீட்டில் இருந்தால் போதும். சேலைக் கொசுவத்தையும் பாவாடை நாடாவையும் தளர்த்திவிட்டு, நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளிழுக்க வேண்டாம், நாடாவை இறுக்கவும் வேண்டாம். இந்தியப் பெண்ணுக்கு அது 80 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. அங்குலத்தில் முப்பத்தொன்றரை.

மற்ற நான்கு அளவுகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே, ரத்த அழுத்தம் 130/85க்குக் கீழே, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 150க்குக் கீழே, நல்ல கொழுப்பான எச்டிஎல் 50க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த ஐந்தில் மூன்று தவறியிருந்தால் அதை வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். வலிக்காது, காய்ச்சல் வராது, யாரும் கவனிக்கமாட்டார்கள். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அதுவே முன்வாசல்.

நாட்டின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் ஆய்வு 1,13,043 பேரைச் சோதித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நோயின் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடி. தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குப் பின்னாளில் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அதை மறந்துவிடுகிறோம். இந்த அவையில் அப்படி யாராவது இருந்தால், இன்றே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு சோதனை கட்டாயம்.

நடை என்ன செய்கிறது

கண்மாய்ப் பாசனம் அறிந்த ஊர் இது. கண்மாயில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், மடையைத் திறந்தால்தான் வயலுக்குப் பாயும். நம் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை தசைக்குள் போவதற்கு மடை திறப்பது இன்சுலின். மாதவிடாய் நின்ற பின், வயிற்றுக்குள் கொழுப்பு சேரச் சேர, அந்த மடை சரியாகத் திறப்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. நடக்கும்போது கால் தசை சுருங்கி விரிகிறது அல்லவா? அந்த அசைவே தசைக்குள் சர்க்கரை போக இன்னொரு மடையைத் திறந்துவிடுகிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடலிலும் இந்த இரண்டாவது மடை திறக்கும். மாத்திரை கண்டுபிடிக்கப்படுவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உடலில் இருக்கும் ஏற்பாடு இது.

சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்றாண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாட்டோடு நாளுக்கு 30 நிமிட வேக நடையும் சொல்லப்பட்டது. 2006இல் முடிவு வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற பிரிவில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நோயாளிகளானார்கள். நடையும் உணவும் மாற்றியவர்களில் 39.3 விழுக்காடு. மெட்பார்மின் மாத்திரை எடுத்தவர்களில் 40.5 விழுக்காடு. மாத்திரைக்கு நிகராக நடையும் உணவும் காத்தன. இதில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, அந்தப் பிரிவினருக்கு எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை என்பதை. எடை இறங்காமலே நோய் தள்ளிப்போனது. "ரெண்டு மாசம் நடந்தேன், ஒரு கிலோகூட குறையல, விட்டுட்டேன்" என்று சொல்லும் ஒவ்வொரு தாய்க்கும் நான் சொல்லும் பதில் இதுதான். மெஷின் முள் அசையாத நாளிலும் உள்ளே நடை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சென்னை ஆய்வில் பெண்கள் 110 பேர்தான். எல்லாரும் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். மாதவிடாய் நின்றவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. 50 முதல் 79 வயது வரையிலான 73,743 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, மருத்துவர் ஜோன் மேன்சன் குழுவினர் 2002இல் வெளியிட்டார்கள். வேக நடை நடந்தவர்களுக்கும், ஓட்டம் போன்ற கடும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் இதய நோய் ஆபத்து ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்திருந்தது. எந்த வயதினர், எந்த எடையினர் என்ற வேறுபாடு இல்லாமல் பலன் தெரிந்தது. நீண்ட நேரம் உட்கார்ந்தே இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது. ஜிம்முக்குப் போக வேண்டும், ஓட வேண்டும் என்று அஞ்ச வேண்டியதே இல்லை.

பாதயாத்திரையும் அன்றாட நடையும்

தை பிறந்துவிட்டால் நம் வட்டாரத்துச் சாலைகளில் பழனி பாதயாத்திரைக் கூட்டம். குன்றக்குடியில் கூடிப் புறப்படும் நகரத்தார் காவடியின் பின்னே ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் ஆவணியில் புறப்படுகிறார்கள். ஐம்பதைக் கடந்த பெண்கள் அந்தக் கூட்டங்களில் நாள் முழுக்க நடக்கிறார்கள். காலில் கொப்புளம் கண்டாலும் துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள். நம் பெண்களுக்கு நடக்கும் திராணி இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் ஊர் திரும்பிய பின் அடுத்த தைவரை அந்தக் கால்கள் சும்மா இருந்துவிடுகின்றன. "பழனிக்கே நடந்து போனவ நான், தெனமும் எதுக்கு வாக்கிங்?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. உடல் நடையைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. ஒரு நாள் நடையால் இன்சுலினின் வேலை சீராவது ஒன்றிலிருந்து மூன்று நாள்வரைதான் நிற்கும். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து நடையை விடக் கூடாது என்று சர்க்கரை நோய் மருத்துவம் சொல்கிறது. தைப்பூச நடையின் பலன் மாசி வரைகூடத் தாங்காது. பக்திக்காக நடக்கும் கால்கள் நலத்துக்காகவும் நடக்கட்டும். அந்த ஒரு வாரத்து மன உறுதியில் சிறு பங்கை நாள்தோறும் எடுத்துவைத்தால் போதும்.

"வீட்டு வேலை செய்யுறோமே, அது போதாதா?" என்பது அடுத்த கேள்வி. நம் தாய்மார்களின் தாய்மார்கள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், ஊருணியிலிருந்து குடம் சுமந்தார்கள். அந்த உழைப்பு இன்று இல்லை. குழாய் தெருவுக்கு வந்துவிட்டது, மிக்சியும் கிரைண்டரும் விலையில்லாமல் வீட்டுக்கே வந்தன. பெண்ணின் முதுகொடியும் சுமை குறைந்ததை நான் மனதார வரவேற்கிறேன். அம்மிக்குத் திரும்பச் சொல்லமாட்டேன். வயல் வேலையும் வானம் பார்த்த இந்தப் பூமியில் ஒருபோகத்தோடு முடிந்துவிடுகிறது. அறுப்பு முடிந்தால் மாதக்கணக்கில் கண்மாய் காய்ந்து கிடக்கும், உடம்புக்கும் வேலை இராது. இன்றைய வீட்டு வேலை நின்றும் குனிந்தும் செய்வது. சலிப்பைத் தரும், களைப்பைத் தரும். இதயமும் நுரையீரலும் தொடர்ந்து பத்து நிமிடம் வேகமாக வேலை செய்யும் வாய்ப்பு அதில் குறைவு. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளிவந்த இந்தியாப் ஆய்வின் முதற்கட்ட முடிவு, பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றது. அவர்களில் பெண்களே அதிகம். ஓய்வு நேரத்தில் தன் உடலுக்காக நடப்பவர்கள், விளையாடுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

எவ்வளவு, எப்போது, எப்படி

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை. நாளுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று தொடங்கலாம். வேகத்தை அறிய கைக்கடிகாரம் வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறீர்கள். பேசவே முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எண்ணிப் பார்ப்பவர்களுக்கு, நிமிடத்துக்கு 100 அடி என்பது நல்ல கணக்கு.

நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று கைப்பேசியில் பார்த்து மலைத்துப்போகிறவர்கள் உண்டு. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது. ஆராய்ச்சி சொன்ன அளவு வேறு. சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்த மருத்துவர் ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட முடிவின்படி, நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. மிகக் குறைவாக நடப்பவர் கொஞ்சம் கூட்டினாலே பெரும் பலன் கிடைக்கிறது.

எப்போது நடப்பது? காலை நடை நல்லதுதான். ஆனால் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, காப்பி கலந்து, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெண்ணுக்குக் காலையில் அரை மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? அவருக்கு நான் சொல்வது சாப்பாட்டுக்குப் பின் நடை. 2013இல் அமெரிக்காவில் சர்க்கரை விளிம்பில் இருந்த முதியவர்களிடம் சிறிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பது ஒருபுறம், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் நடப்பது மறுபுறம். இரண்டாலும் நன்மை இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைத்தது, சாப்பிட்டவுடன் நடந்த அந்தக் குறுநடையே. பத்துப் பேரிடம் செய்த ஆய்வுதான் என்றாலும், தசை இயங்கும் முறையோடு அது பொருந்திப்போகிறது.

நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பது. எல்லாருக்கும் தோசை வார்த்துப் போட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சியதை அம்மா சாப்பிடுகிறார். பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, அப்படியே படுக்கைக்குப் போகிறார். நாளின் மிக அதிகமான சர்க்கரை ஏற்றம் அசைவே இல்லாத அந்த நேரத்தில்தான் நடக்கிறது. சாப்பாட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, கை கழுவியதும் 15 நிமிடம் நடந்தால், நாளின் மிகப் பயனுள்ள நடை அதுவே. தெருவில் இறங்க முடியாவிட்டால் வீட்டுக்குள் நடக்கலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார் எத்தனையோ பேர். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பத்துச் சுற்று நடப்பது அவர்களால் முடியும். சிறிய வீட்டுக்காரர்களுக்கு மொட்டைமாடி இருக்கிறது, தெரு இருக்கிறது.

கூடவே வேண்டியவை

நடை எல்லாவற்றையும் செய்துவிடாது. குறைந்துவரும் தசையையும் எலும்பையும் காக்க, பாரம் தாங்கும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் உள்ளங்கையை ஊன்றித் தள்ளுங்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். இவற்றுக்குக் காசு வேண்டாம், தனி உடை வேண்டாம். தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறு, சுண்டல், முட்டை, மீன், கீரையைக் கூட்டுங்கள். பணியாரமும் அதிரசமும் விசேஷ நாளுக்கு இருக்கட்டும்.

முட்டி வலிக்கிறது என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். மிதமான தேய்மானத்துக்கு நடை நல்லது. முட்டியைத் தாங்கும் தொடைத் தசை அதனால் வலுப்படும். பத்து நிமிடத்தில் தொடங்கி வாரம் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதம் மரத்திருந்தால் முள் குத்தியது தெரியாது, கொதிக்கும் தார்ச்சாலை சுட்டதும் தெரியாது. பின்பக்கம் வார் உள்ள செருப்பு அணிந்து, வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் முந்தானையில் இரண்டு மிட்டாய் முடிந்துகொண்டு போங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ மேல்வயிற்றிலோ வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் வாயு என்று சொல்லிச் சோடா குடிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெண்களின் மாரடைப்பு பல நேரம் இப்படித்தான் வருகிறது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது கர்ப்பப்பைப் புற்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

தடை எங்கே இருக்கிறது

நடந்தால் நல்லது என்பது இந்த அவையில் யாருக்கும் தெரியாததில்லை. ஏன் நடக்கவில்லை என்று என்னிடம் வரும் பெண்களைக் கேட்டு வருகிறேன். சோம்பல் என்று ஒருவரும் சொன்னதில்லை. "நான் வெளிய போனா வீட்ட யாரு பாக்குறது?" என்கிறார்கள். "வேலை வெட்டி இல்லாம ரோட்டுல நடக்குறா பாருன்னு பேசுவாங்க" என்கிறார்கள். "நாய் தொரத்துது, லைட்டு எரியல, லாரி இடிக்கிற மாதிரி வருது" என்கிறார்கள். இன்னும் ஒன்று, குரலைத் தாழ்த்திச் சொல்வது: "அடக்க முடியல, வழியில ஒண்ணுக்குப் போக எடமில்ல." மாதவிடாய் நின்ற பின் சிறுநீரை அடக்கும் தசைகள் தளர்கின்றன. இருமினாலும் தும்மினாலும் கசிகிறது. வெட்கத்தால் இதைச் சொல்லாமல் வீட்டிலேயே அடங்கிவிடும் பெண்கள் ஏராளம். இடுப்படித் தசைகளை இறுக்கி விடும் எளிய பயிற்சியால் பலருக்கு இது குறையும். தயங்காமல் செவிலியரிடம் கேளுங்கள்.

இவற்றில் எதுவும் அந்தப் பெண் தனியாகத் தீர்க்கக்கூடியதில்லை. அரசு தன் பங்குக்குச் சில தொடக்கங்களைச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்குமான மாத்திரை வீடு தேடி வருகிறது. வரும் தன்னார்வலரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பளவைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். 2023 நவம்பர் 4இல் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில், 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அடையாளம் காணப்பட்டன. நடைக்கு அரசு கொடுத்த மதிப்பு அது, வரவேற்கிறேன். நான் கேட்பது அதன் அடுத்த கட்டம். மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் பாதை இருக்கட்டும். ஒவ்வொரு ஊருக்கும் 800 மீட்டர் பாதை ஒன்று வேண்டும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், விளக்கு எரிகிற, நிழல் இருக்கிற, உட்கார ஒரு திண்டும் பக்கத்தில் ஒரு கழிப்பறையும் உள்ள பாதை.

காளையார்கோவிலுக்கு இது பெரிய செலவில்லை. மருது சகோதரர்கள் எழுப்பிய ராஜகோபுரத்தின் கீழ் அகன்ற பிரகாரம் இருக்கிறது. ஆனைமடுத் தெப்பக்குளத்தின் கரை இருக்கிறது. மாலையில் பூட்டிக் கிடக்கும் பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. மதுரை–தொண்டி சாலையின் ஓரத்தில் லாரிகளுக்கு அஞ்சி நடப்பதைவிட இவை எவ்வளவோ மேல். சுற்றுக் கிராமங்களில் கண்மாய்க் கரைகள் உண்டு. கருவேலை வெட்டி, மேடுபள்ளம் நிரவி, இரண்டு மூன்று விளக்குப் போட்டால் பாதை தயார். ஊராட்சித் தலைவர்களும் உறுப்பினர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக்குங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டமாகச் செய்வது நிலைக்கும். சென்னையில் 578 பேரை வகுப்பாகக் கூட்டி, உணவும் உடலுழைப்பும் கற்றுக்கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் சேர்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நோய் வரும் ஆபத்து 32 விழுக்காடு குறைந்தது. குழு கூடும் நாளில், கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் முன் இருபது நிமிடம் சேர்ந்து நடந்துவிட்டு வாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் ஊர் பேசாது, நாயும் துரத்தாது. வராதவரை மறுநாள் "ஏன்க்கா வரல?" என்று கேட்க ஆள் இருக்கும்.

கடைசியாக இங்கு வந்திருக்கும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை வந்தபின் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நீங்கள் செலவழிக்கத் தயங்குவதில்லை. அதற்கு முன்பே நாளுக்கு அரை மணி நேரத்தை அவருக்குக் கொடுங்கள். இரவில் உங்கள் தட்டை நீங்களே கழுவி வையுங்கள். பேரப்பிள்ளையை அந்த நேரம் நீங்கள் பாருங்கள். "வாங்கம்மா, தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வருவோம்" என்று கூட நடங்கள். அந்த அரை மணி நேரத்தில் யாரும் அவரைக் காப்பி கேட்கக் கூடாது.

தாய்மார்களே, நீங்கள் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத்தான் சாப்பிடுகிறீர்கள். நடையிலாவது உங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடத்தில் தொடங்குங்கள். நாளை மறுநாள் விட்டுப்போனாலும் அதற்கு அடுத்த நாள் விடாதீர்கள். ஐம்பது வயதில் இந்தச் சீமையை மீட்ட ஒருவரின் மண்ணில் இருக்கிறோம். அடுத்த முப்பது ஆண்டு உங்கள் உடலை உங்கள் வசம் வைத்திருக்க உங்களாலும் முடியும்.